எனக்குத் தெரியாமல் மறுக்கப்பட்ட நர்ஸ் வேடம்

1. பிளாஸ்டிக் மீன்

“அந்த நர்ஸ் கேரக்டருக்கு உங்களைத்தான்க்கா கேட்டோம். நீங்கதானே முடியாதுன்னுட்டீங்க?”

உதவி இயக்குநர் நிவேதா இப்படிக் கேட்டபோது என் இடுப்பில் ஒரு மீன் கூடை இருந்தது. கூடைக்குள் பிளாஸ்டிக் மீன். முகத்தில், என் சொந்தக் கறுப்பு போதாதென்று மேக்கப்மேன் அப்பிய கறுப்பு. சென்னையில் போட்டிருந்த ஒரு சந்தை செட்டில் அடுத்த ஷாட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

“எந்த நர்ஸும்மா?”

“போன வருஷம்க்கா. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி ஹெட் நர்ஸ். படம் முழுக்க வர்ற ரோல். உங்க முதல் படத்தைப் பார்த்துட்டு டைரக்டர் உங்களைத்தான் வேணும்னாரு. உங்க மேனேஜர்கிட்ட பேசினோம். அக்காவுக்கு நீளமான டயலாக் வராது, அவங்களே வேணாம்னுட்டாங்கன்னாரு. வேற ஆர்ட்டிஸ்ட்டை அவரே குடுத்தாரு.”

நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படி ஒரு வேடம் வந்ததே எனக்குத் தெரியாது. அதற்குள் ஷாட் ரெடி என்று கூப்பிட்டுவிட்டார்கள். “இன்னும் லோக்கலா கத்துங்கம்மா” என்று மைக்கில் குரல் வந்தது. கத்தினேன். யூனிட்டே கைதட்டியது. அது நடிப்பில்லை என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

2. ஐஸ் பெட்டிமேல் ஒரு கையெழுத்து

என் பெயர் தேசம்மாள். பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பம். வீட்டுக்காரர் ஏழுமலை ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். நான் மீன் காயவைத்து விற்றுக்கொண்டிருந்தவள். எங்கள் குப்பத்தில் ஒரு படம் எடுக்க வந்தார்கள். படகு திரும்பாத மீனவனின் மனைவியாக நடிக்க வந்தவருக்கு வெயில் தாங்காமல் உடம்பு முடியவில்லை. நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த எங்களிடம் வந்து, யாராவது நடிக்கிறீர்களா என்று டைரக்டர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் எழுந்து போனேன்.

அழச் சொன்னார்கள். படகு வராத நேரத்தில் எங்கள் ஊரில் யாரும் அழமாட்டார்கள். அழுதால் வராமலே போய்விடுமோ என்று பயம். அதனால் நெத்திலியைத் திருப்பிப் போட்டபடியே கடலைப் பார்த்தேன். கட் சொன்ன பிறகு, இன்னொரு டேக் வேண்டாம் என்றார் டைரக்டர். அந்தப் படம் வெளிவந்ததும் என்னைப் பற்றி நாலு பேர் எழுதினார்கள்.

அடுத்த மாதமே பாஸ்கர் வந்தான். ஆர்ட்டிஸ்ட் மேனேஜர் என்றான்.

“அக்கா, நீங்க எங்கியோ போகப்போறீங்க. இனிமே கம்பெனிக்காரங்க என்கிட்டதான் பேசணும். உங்களுக்கு எந்தத் தலைவலியும் வேணாம்.”

மூன்று வருட அக்ரிமென்ட். முழுக்க இங்கிலீஷ். எனக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும்.

“இன்னாமே அவசரம்? படிச்சவங்க யாருக்குனா காட்டிக்கினு அப்பறம் போடேன்” என்றார் ஏழுமலை.

“நம்ம ஊரத் தேடிக்கினு வந்துகிறாரு. திரும்பிப் போய்ட்டாருன்னா?” என்றேன். ஐஸ் பெட்டிமேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். நான் செய்திருந்தது ஒரே ஒரு படம். அதிலும் என் வசனம் இரண்டு வரி.

அதன் பிறகு ஐந்து படம். ஐந்திலும் மீன்காரி. ஒரு மீன்காரிக்குக்கூடப் பெயர் கிடையாது. எல்லாருமே வெற்றிலை மென்றார்கள், இடுப்பில் கைவைத்துக் கத்தினார்கள். எங்கள் மீன் ஏலத்தில் கத்துகிறவர் ஏலக்காரர். வாங்க வந்த பொம்பளைகள் கண்ணாலேயே விலை பேசிவிடுவோம். இதை ஒரு டைரக்டரிடம் சொன்னேன். “ஆடியன்ஸுக்கு அதெல்லாம் புரியாதும்மா” என்றார். ஆடியன்ஸில் என்னைப்போல ஒருத்தி இருப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

3. “உங்க மூஞ்சிக்கு நர்ஸா?”

நிவேதா சொன்ன மறுநாளே பொன்னேரிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலேறி, சாலிகிராமத்தில் பாஸ்கரின் ஆபீஸுக்குப் போனேன்.

“ஹெட் நர்ஸ் ரோல் வந்துச்சாமே. எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவன் பதறவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

“அக்கா, உங்க நல்லதுக்குத்தான். உங்க மூஞ்சிக்கு நர்ஸா? ஜனங்க நம்பணும்ல?”

“எங்க சித்தப்பா பொண்ணு நர்ஸுதான். என்னியும் அவளையும் நிக்கவெச்சா அக்கா தங்கச்சின்னுதான் சொல்வாங்க. ஊசி போட்டுக்க வர்றவன் அவ மூஞ்சியப் பாத்து எழுந்து ஓடறானா இன்னா?”

“அது நிஜம்க்கா. இது சினிமா. உங்களுக்கு ஒரு மார்க்கெட் இருக்கு. அதைக் கெடுத்துக்காதீங்க. எட்டு மாசம் அக்ரிமென்ட் பாக்கியிருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.”

“எட்டு மாசம் நான் நெத்திலியே காயவெச்சிக்கினு இருக்கேன். இனிமே உன் மீன்காரிக்கு வேற ஆளப் பாரு” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

4. நாலாவது வரி

நிவேதாவிடம் அந்த நர்ஸ் காட்சியைக் கேட்டு வாங்கினேன். பட்டாளம்போல நோயாளிகள் காத்திருக்க, வராத டாக்டரை ஹெட் நர்ஸ் போனில் கேள்வி கேட்கும் காட்சி. ஏழுமலை போன் கேமராவில் படம் பிடிக்க, நடித்துப் பார்த்தேன்.

நாலாவது வரியில் மறந்துபோனது. மறுபடி எடுத்தோம். மறுபடியும் அதே இடம். மூன்றாவது முறை வசனம் வந்தது, ஆனால் கண் கேமராவையே பார்த்தது. வாயில் வந்தது நர்ஸ் இல்லை, மீன்காரி. ஐந்து படத்தில் கத்திக் கத்தி அதுவே பழகிவிட்டிருந்தது.

நீளமான டயலாக் வராது என்று பாஸ்கர் சொன்னதில் பாதி உண்மை என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்காக என் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. செய்து பார்க்க ஒரு வாய்ப்புக்கூடத் தராமல் ஒருத்தன் எனக்குத் தீர்ப்பு எழுதிவிட்டான். அதற்கான பேனாவை நானே கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு என்ன வேடம் வரும் என்று கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அவன் கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது. பதில் இல்லாததால் அவனே ஒரு பதில் வைத்துக்கொண்டான்.

எட்டு மாதமும் வசனம் படித்தேன். மீனைத் திருப்பிப் போடும்போது, ஏலத்துக்குக் காத்திருக்கும்போது, வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருப்பேன். “தேசம்மாளுக்கு பேய்க்காத்து அடிச்சிருச்சி போல” என்று பேசிக்கொண்டார்கள். எடுத்ததைப் பார்ப்பேன், பிடிக்காவிட்டால் அழிப்பேன். எத்தனை அழித்தேன் என்று கணக்கில்லை.

5. இரண்டு இடத்தில் ஒரே தேதி

அக்ரிமென்ட் முடிந்த பிறகு நிவேதாவின் நண்பர்கள் எடுத்த சின்னப் படங்களில் நடித்தேன். ஒன்றில் வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரி. இன்னொன்றில் பேங்க் கேஷியர். மூன்றாவதில் பிள்ளையோடு பேசாத தாய். இந்த நேரத்தில் மூன்று மீன்காரி வேடங்கள் நேராக என்னைத் தேடி வந்தன. “கதையில அவ பேர் இன்னா?” என்று கேட்டேன். “மீன்காரிதாம்மா” என்றார்கள் மூவரும். மூன்றையும் வேண்டாம் என்றேன். நாலாவதாக ஒருவர், பெயர் மட்டுமில்லை, அவள் எதற்குப் பயப்படுவாள் என்றுகூடச் சொன்னார். அதை ஒத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள், ஒரே தேதிக்கு இரண்டு கம்பெனிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதே வாரம், என் குரலுக்குப் பதில் வேறு ஆள் டப்பிங் பேசச் சம்மதம் என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்துவந்தேன். இனி இதையெல்லாம் தெரிந்த ஒருவர் எனக்கு வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

சுபா என்ற மேனேஜரிடம் நானே போனேன். வேறு வேறு ஆளாக நடித்த நாலு காட்சிகள் போனில் இருந்தன. பார்த்துவிட்டு, “உங்களுக்கு என்ன மாதிரி ரோல் வேணும்?” என்றார்.

“அதிகாரத்துல இருக்கறவங்க. ஹெட்மிஸ்ட்ரஸ், நர்ஸ், போலீஸ். கத்தாமலே எதிராளிய உக்காரவெப்பேன். காமெடி வராது. மீன்காரின்னா கதைய முதல்ல நான் படிக்கணும்” என்றேன். பிறகு நான் கேட்டேன்: “எனக்கு வர்ற எதையும் எங்கிட்ட கேக்காம வேணாம்னு சொல்லமாட்டேன்னு அக்ரிமென்ட்ல எழுதுவீங்களா? தமிழ்ல?”

சுபா ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லக்கா” என்றார். எழுதினார்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது போனில் நடித்துப் போடுகிறார்கள். நல்ல மேனேஜர் யார் என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் பெயர் சொல்வதில்லை. மேனேஜரிடம் நாம் ஒப்படைப்பது, நமக்காக ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையை. ஏன் வேண்டாம் என்று தெரிந்து, வாய் திறந்து அதை நாமே நாலு பேரிடம் சொல்லிப் பார்த்த பிறகு ஒப்படைக்கலாம். அதுவரை பேனாவை மூடியே வைத்திருங்கள்.