கைச் சாம்பிள்

தலைநகரின் மயூர் விஹாரில், தமிழர்களின் பொங்கல் விழாவுக்குக் கட்டிய புது ஃபிளெக்ஸின் மை நாற்றம் மூக்கில் ஏறியது. சிறுவயதில் அப்பாவின் பேனர் கடையிலும் இதே நாற்றம்தான்.

முகம் உள்ள பேனர் என்றால், அப்பா முதலில் சாம்பிளுக்கு ஒரு துண்டு மட்டும் அச்சடிப்பார். "பாப்பா, கையக் காட்டு" என்று அதை என் கையோடு ஒட்டிப் பார்ப்பார். என் நிறத்தோடு ஒத்துப்போனால், முகம் கறுத்துவிட்டது என்று கம்ப்யூட்டரில் கறுப்பைக் குறைப்பார்.

"அண்ணா, இன்னும் கோரா பண்ணுங்க, நல்லா வெள்ளையா. உங்க பொண்ணு கலர்ல இருந்தா என் பார்லருக்கு யாரு வருவா?" என்று சிரித்தாள், பார்லர் போர்டு அடிக்க வந்த ஒருத்தி. அப்பாவும் சிரித்தார். மை நாற்றத்தைவிட அந்தச் சிரிப்புதான் அருவருப்பாக இருந்தது.

அப்பா அடித்த இன்றைய ஃபிளெக்ஸில், விழாக் குழுவினர் படங்களின் வரிசையில் என் முகம் வெளுத்துக் கிடந்தது.

"கலர் அச்சா வந்திருக்கு பாப்பா, ரொம்ப நல்லா" என்றார் அப்பா.

நான் கையை அந்த முகத்தோடு ஒட்டிக் காட்டினேன்.