அகஸ்ரினுக்கு வந்த அழைப்பு

கனடாவில், ஸ்காபரோ மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் ஐந்து வருடம் குடியிருந்த அகஸ்ரின், ஐஸ் ஹொக்கி விளையாடிச் சம்பளம் வாங்கியவன். பெயரைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பொடியன் என்று நினைத்து, "எவடம், இளவாலையோ பாசையூரோ?" என்று ஆவலாகக் கேட்பார்கள். வடக்கு ஒன்ராறியோவில் நிக்கல் தோண்டுகிற ஊர் என்று நான் சொன்னதும் முகம் விழுந்துவிடும். பிரெஞ்சு பேசுகிற குடும்பம். தகப்பன், தமையன்மார் எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். தான் ஒருத்தன்தான் ஐஸில் வழுக்கிக்கொண்டு தப்பி வந்தவன் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

1993 கோடையில் வந்தான். அவனுடைய மாமன் ஸ்காபரோவில் வீடுகளுக்குக் கூரை போடும் தொழில் செய்தார். கோடை முழுக்க மாமனோடு கூரையில் நிற்பான், குளிர் தொடங்கினால் ஹொக்கி. அவனுடைய அணியின் ஊருக்கு இங்கிருந்து காரில் ஒன்றரை மணித்தியாலம். அது சின்ன லீக். தொலைக்காட்சியில் காட்டுகிற பெரிய லீக்குக்கு ஆள் தேவைப்பட்டால் இந்தச் சின்ன லீக்கில் இருந்துதான் எடுப்பார்கள். எடுக்கும்வரைக்கும் இவர்கள் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் அடிபட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அடிபட்டுக்கொண்டு என்று சும்மா சொல்லவில்லை. வந்து இரண்டு மாதம் கழிய, ஒரு நாள் கண்ணுக்குக் கீழே தையலோடு வந்தான். அடுத்த கிழமை உதடு வீங்கியிருந்தது. முன்பல் இரண்டும் கட்டுப்பல், அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே "குட் மோர்னிங், மிஸஸ் ராஜா" என்பான். பின்னேரங்களில் குறட்டை விட்டு நித்திரை. என் கணவர் இராஜரட்ணத்துக்குப் பயம் பிடித்துவிட்டது.

"உவன் ஆரோ சண்டியன் போல கிடக்கு, மலர். நாளைக்குப் பொலிஸ் வந்தா எங்கடை கதவைத்தான் தட்டும்."

"சண்டியன் ஒழுங்கா வாடகை தருவானோ? பேசாமல் இருங்கோ."

சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் பயம்தான். அதனால்தான் அவன் இலவச ரிக்கற் தந்தபோது ஒரு ஆட்டத்தைப் போய்ப் பார்த்தோம். அவன் டிபென்ஸ் ஆட்டக்காரன். எதிரணிக்காரர் கோலை நெருங்கவிடாமல் மறிப்பது அவன் வேலை. ஆட்டம் சூடு பிடித்த நேரம் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒருத்தனைப் போட்டுக் குத்தினான். நான் கண்ணைப் பொத்திக்கொண்டேன். பொலிஸ் வரவில்லை. வாத்தியார் குழப்படிக்காரப் பிள்ளைகளை மூலையில் நிறுத்துகிற மாதிரி இருவரையும் இரண்டு பெட்டிக்குள் இருத்தினார்கள். ஐந்து நிமிடம் முடிய இருவரும் வெளியே வந்து விளையாடினார்கள். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டங்களுக்கும் அப்படி இரண்டு பெட்டி இருந்தால் நல்லது என்று இவரிடம் சொன்னேன்.

சண்டையை விட மணம்தான் பெரிய பாடு. ஆட்டம் முடிந்து வந்து வேர்த்த கவசங்களை எல்லாம் வீட்டைச் சூடாக்குகிற பேர்னஸ் அறையில் காயப் போடுவான். அந்த மணம் வெப்பக்குழாய் வழியே ஏறி நேரே என் சாமியறைக்கு வந்துவிடும். பிள்ளையாருக்கு முன்னால் நின்று கும்பிட முடியாது. பொறுத்துப் பார்த்து ஒரு நாள் சாம்பிராணிச் சட்டியைக் கீழே கொண்டுபோய் அந்த மூட்டைகளுக்கு மேலே பிடித்தேன். கோபிப்பானோ என்று பார்த்தால், மூச்சை இழுத்து இழுத்து மணந்துவிட்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டான். அன்றிலிருந்து பிள்ளையாருக்குக் காட்டிய புகையில் மிச்சம் ஹொக்கிக் கவசங்களுக்கு. அவனுடைய அணியில் அவனுக்குக் கிட்ட வந்து மணந்து பார்க்கிறவர்கள் உண்டாம்.

1995இல் அவனுக்கு முப்பத்தொரு வயது. அந்தத் தொழிலில் அது கிழட்டு வயது. சின்ன லீக்கில் பத்து வருடம் விளையாடியும் பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஒருமுறை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னான்: "ஒரே ஒரு ஆட்டம் போதும், மிஸஸ் ராஜா. ஒரு தரம் அந்த ஐஸில் இறங்கினால் பெயர் பதிவாகிவிடும். பிறகு அதை ஒருவராலும் அழிக்க முடியாது." அந்த வருட மார்கழியில் அணி மனேஜர் அவனைக் கூப்பிட்டு, பெரிய அணியில் அடுத்ததாக ஒரு டிபென்ஸ்காரன் காயப்பட்டால் போவது நீதான், காலையில் ரெலிபோனுக்குக் கிட்ட இரு என்று சொல்லியிருந்தார்.

ரெலிபோன் என்றால் வீட்டில் ஒரே லைன். மேலே குசினியில் ஒன்று, கீழே அவனுக்கு ஒரு எக்ஸ்ரென்ஷன்.

அதே லைனைப் பார்த்துக்கொண்டு நானும் இருந்தேன். ஒக்ரோபர் கடைசியில் ஆமி கிட்ட வர, யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துச் சனம் முழுக்க ஓரிரவில் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டது. கொக்குவிலில் இருந்த என் அப்பாவும் தங்கை யோகராணியும் எங்கே என்று ஒரு தகவலும் இல்லை. ஸ்காபரோ முழுக்க அந்த நாட்களில் ரெலிபோனோடுதான் கிடந்தது. யாரைக் கேட்டாலும், சாவகச்சேரியில் கண்டதாம், கிளிநொச்சிக்குப் போனதாம் என்ற கதைதான். சோறு இறங்கவில்லை. பிள்ளைகளுக்கு எரிந்து விழுந்தேன். என் ஓயாத அழைப்புகளால் அகஸ்ரினுக்கு இடைஞ்சல் என்று தெரிந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. அவன் காலையில் வந்து குசினி மேசையில் இருப்பான், நான் றிசீவரை வைத்தால் ஒருமுறை ரெலிபோனைப் பார்ப்பான், அவ்வளவுதான்.

கொழும்பில் இருந்த மச்சாள் ஒருவழியாகச் செய்தி அனுப்பினாள். அப்பாவும் யோகராணியும் வவுனியாவுக்கு வந்துவிட்டார்கள், நாளைக்கு அங்கத்தைய நேரம் பின்னேரம் ஆறரைக்கு காசு கொடுத்து ரெலிபோனில் கதைக்கிற ஒரு கொமியூனிக்கேஷன் கடையில் நிற்பார்கள், இந்த நம்பருக்கு எடு என்று. எங்களுக்கு அது காலை எட்டு மணி. விரல் நோக நோகச் சுழற்றி, கடைசியில் லைன் கிடைத்தது. யோகராணி "அக்கா" என்றாள். பிறகு இருவரும் அழுதோம். நடந்தது, கடல் தாண்டினது, பள்ளிக்கூட முகாமில் படுத்தது எல்லாவற்றையும் சொன்னாள்.

"இந்தா, அப்பா நிக்கிறார். குடுக்கிறன்," என்று அவள் சொல்லும்போது காதுக்குள் 'பீப்' என்றது. ஒரு பெண்ணின் குரல் ஆங்கிலத்தில் குறுக்கே வந்தது. தான் ரெலிபோன் ஒப்பரேற்றர், அகஸ்ரினுக்கு அவருடைய அணி மனேஜரிடம் இருந்து அவசர அழைப்பு, லைனை விட்டுத் தருகிறீர்களா?

அகஸ்ரின் எனக்கு எதிரே மேசையில்தான் இருந்தான். அவன் பத்து வருடமாகக் காத்திருந்த அழைப்பு இதுதான் என்று எனக்குத் தெரியும். இந்த லைனை விட்டால் அப்பா திரும்பக் கிடைப்பாரா என்று தெரியாது. அந்தக் கடையில் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் எத்தனையோ பேர். ஆனாலும் றிசீவரை அவனிடம் நீட்டினேன்.

"தம்பி, உங்கடை மனேஜர்."

அவன் வாங்கினான். ஒப்பரேற்றர் சொன்னதைக் கேட்டான். பிறகு, "இந்த அம்மா தன் தகப்பனோடு பேசப்போகிறார். பத்து நிமிடத்தில் நானே எடுக்கிறேன் என்று அவருக்குச் சொல்லுங்கள்," என்று சொல்லி, றிசீவரை என் காதிலேயே கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டு, நான் அழுவதைப் பார்க்கக் கூடாது என்றோ என்னவோ, கோப்பை கழுவப் போனான்.

அப்பா பேசினார். "பிள்ளை, உவ்வளவு நேரம் கதைச்சா காசு போகும், வை," என்றார். ஆனால் அவர் வைக்கவில்லை. சைக்கிளை விடாமல் உருட்டிக்கொண்டு வந்துவிட்டாராம், யாரோ காற்றடிக்கிற பம்பைக் களவெடுத்துவிட்டானாம். "பம்ப் இல்லாத சைக்கிளை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்று வவுனியாவில் நின்றுகொண்டு என்னிடம் நியாயம் கேட்டார். பிள்ளைகள் தமிழ் கதைக்கினமோ, அங்கே குளிர் எப்படி, இவருக்கு வேலை இருக்கோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் "சரி, வை" என்றார்.

பிறகு அகஸ்ரின் மனேஜருக்கு எடுத்தான். கேட்டான், "ஓகே" என்றான், வைத்தான்.

"வேறொருத்தனை அனுப்பிவிட்டார்களாம். பிளேன் நிற்காதுதானே."

இராஜரட்ணம் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார், தான் அந்த மனேஜரோடு கதைக்கிறேன் என்று. அகஸ்ரின் அவரைத் தோளில் பிடித்து இருத்தினான். எனக்குத்தான் கோபம் வந்தது. ஏன் தம்பி விட்டனீங்கள், நான் தந்தனான்தானே என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினேன். "பெரிய அணியில் இன்னொருத்தன் காயப்படுவான், மிஸஸ் ராஜா. இந்தத் தொழிலில் காயத்துக்குக் குறைவில்லை," என்று சொல்லி, தேத்தண்ணி இருக்கா என்று கேட்டான்.

தை மாதம் வவுனியா முகாமில் காய்ச்சல் வந்து அப்பா செத்துப்போனார். அந்த ரெலிபோனுக்குப் பிறகு அவருடைய குரலை நான் கேட்கவில்லை. செய்தி வந்த அன்று, சொந்தக்காரர் எல்லோரும் வந்து போன பிறகு, பேஸ்மென்றுக்கு இறங்கிப் போய் அகஸ்ரினிடம் சொன்னேன். அவன் ஹொக்கி மட்டைக்கு ரேப் சுற்றிக்கொண்டிருந்தான். மட்டையைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு அப்பா என்ன கதைத்தார் என்று கேட்டான். சைக்கிள் பம்ப் கதையைச் சொன்னேன். அவன் சிரித்தான், எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நாளில் நான் சிரித்தது அப்போதுதான். அப்பா செத்த நாளில் என்னைச் சிரிக்க வைத்தவனை எந்தக் கணக்கில் சேர்ப்பேன்? கூடப் பிறந்தவன் என்றுதான் சேர்த்தேன்.

என் கணவர் பேஸ்மென்றுக்கு இன்னொரு லைன் எடுத்துக் கொடுத்தார். அந்த லைனில் அப்படியொரு அழைப்பு பிறகு வரவேயில்லை.

1998 பங்குனியில் அவன் முழங்கால் போய் ஆட்டத்தை விட்டான். கடைசி ஆட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். ஒருவாறு கனடா வந்து சேர்ந்திருந்த யோகராணியும் வந்தாள், இரண்டு கம்பளியால் போர்த்திக்கொண்டு. ஆட்டம் முடிய ஐஸின் நடுவே அவனை நிறுத்தி, அறிவிப்பாளர் அவனைப் புகழ்ந்தார். தையல்களை எல்லாம் சொன்னார். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, இவ்வளவு நல்ல ஆட்டக்காரனைப் பெரிய லீக் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்பது பெரிய கவலை என்றார்.

அகஸ்ரின் மைக்கை வாங்கினான்.

"இல்லை ஐயா, ஒரு தடவை கூப்பிட்டார்கள். அப்போது லைன் பிஸி."

அரங்கம் முழுக்கச் சிரித்தது. யோகராணி என்னை இடித்து, என்ன சொன்னவர் என்று கேட்டாள். தமிழில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கம்பளி கீழே விழ எழுந்து நின்றாள்.

"அக்கா, அந்த லைனிலை நாங்கள்தானே நிண்டனாங்கள். அதை உந்தச் சனத்துக்கு ஆர் சொல்லுறது?"

அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்குள் என்னால் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.