கூட்ஸ் வண்டிக்கு ஆரத்தி

போன வாரம் முழுக்க எங்கள் வீட்டுச் சாமி படங்களுக்குப் பூ இல்லை.

பூக்கார விஜயா வரவில்லை. கூடவே அம்முவும் வரவில்லை. அம்மு, விஜயாவின் தங்கை கவிதாவின் குழந்தை. இன்னும் இரண்டு வயது முடியவில்லை. பெரியம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக ரவுண்டு வரும். அதற்கென்றே என் மனைவி ஒரு டப்பாவில் பிஸ்கட் வைத்திருப்பாள்.

என்ன ஆச்சு இவர்களுக்கு? மந்தாரக்குப்பத்தில் ஒரு வேலையாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். வீடு பூட்டியிருந்தது.

"தங்கச்சி வூட்டுல இருக்குதுங்க" என்று பக்கத்து வீட்டில் கை காட்டினார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விஜயா, குழந்தையோடு. இந்தப் பக்கம் நான். நடுவில் புதுக் கம்பி வேலி — ஒன்றல்ல, இரண்டு.

அது துறைமுகத்துக்குச் சரக்கு போகிற பழைய இணைப்புப் பாதை. எந்தக் காலத்திலோ நின்றுபோய், முள் மண்டி, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, "கூப்பிட்டா காதுல வுழணும்" என்று தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கமே தேடிப் பிடித்தவர் விஜயா. கவிதாவுக்கு மைன்ஸ் கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை, முதல் ஷிப்ட். கணவர் லாரி டிரைவர், வீட்டில் தங்குவதே அபூர்வம். கவிதா விடியற்காலையில் தண்டவாளத்தைத் தாண்டி வந்து, அக்கா இடுப்புக்குக் குழந்தையை மாற்றிவிட்டு வந்த வழியே ஓடுவாள்.

பாதையை மறுபடி திறக்கிறார்கள் என்றதும் ஊரே குதித்தது. லாரிப் புழுதி குறையும் என்றார்கள். குறைந்துவிட்டது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர் குதித்தது அதற்கா? ரயில் வரும், ஏறி உட்கார்ந்தால் கடலூரில் இறங்கலாம்! அப்படி யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை. சரக்குப் பாதை என்று போர்டிலேயே எழுதியிருந்தது. யார் படித்தார்கள்?

சோதனை ஓட்டத்துக்கு வந்த எஞ்சினுக்கு வாழைமரம் கட்டாததுதான் குறை. மாலை, தேங்காய், கற்பூரம்... ஆரத்தி எடுத்தது யார் தெரியுமா? விஜயாதான். புதுப்பெண்ணுக்குச் சுற்றுவது போலச் சுற்றி, எஞ்சினுக்குப் பொட்டும் வைத்தார். டிரைவருக்கே வெட்கம் வந்துவிட்டது.

வந்தது கூட்ஸ். பின்னாலேயே வேலி.

வேலி வேண்டாமா? வேண்டும்தான். ரயிலுக்குக் குறுக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போ என்று யார் சொல்வார்கள்? ஆனால் இப்போது கேட் வழியாகச் சுற்ற வேண்டும். கூட்ஸ் வந்தால் கேட் மூடிவிடும். அது போய்க்கொண்டே இருக்கும்... ஷிப்டும் போய்விடும். "இன்னொரு தடவை லேட்டானா வர வேண்டாம்" என்று கவிதாவிடம் சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். அதனால் விஜயா, கேட் சுற்றித் திரும்புவதற்குள் பூ விற்கிற நேரமும் போய்விடும் என்று வியாபாரத்தை நிறுத்திவிட்டு, விடிவதற்கு முன்பே தங்கை வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்.

"எத்தனை நாளைக்கும்மா இப்படி?" வேலி தாண்டிக் கேட்கும்படி கத்தினேன்.

"தெரியலீங்க சார். பூவ வுட்டா நான் எதைத் தின்றது? அவ வேலைய வுட்டா பெர்மனன்ட் ஆவுற ஆசையும் போச்சு. நான் பாத்துக்கிறேன்டின்னு சொல்லிகினுதான் இருக்கேன். 'உன் பொழப்பக் கெடுத்துகினு எனக்கு ஒரு வேலையா?'ன்னு அழுவுறா."

குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"நான்தான சார் ஆரத்தி எடுத்தேன்... என் கையாலயே."

அதற்குள் கூட்ஸ் வந்துவிட்டது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் அம்மு டாட்டா காட்டியிருக்கும், எனக்குத் தெரியவில்லை.

இந்தத் திங்கட்கிழமை காலையில் காலிங் பெல் அடித்தது.

"பூ வந்துடுச்சுங்க!" மனைவி பிஸ்கட் டப்பாவோடு ஓடினாள். பின்னாலேயே நானும் போனேன்.

விஜயா தனியாக நின்றிருந்தார். இடுப்பில் கூடை மட்டும்.

"அம்மு எங்கே?"

"அவங்கம்மாகிட்ட இருக்குதும்மா. கேன்டீனுக்குப் போறதில்ல, இனிமே அவ வூட்டுலதான்."

முழம் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நல்ல மல்லிகை, வீடெல்லாம் வாசனை.

பூ வரவில்லையே என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன்... வராமலே இருந்திருக்கலாம்.