நாலு மணி வெடி

"ஐ ரெக்ரெட் இட், யுவர் ஹானர்" என்று காரை லேன் மாற்றிக்கொண்டே சொன்னார் கிட்டுசாமி.

"ரெக்ரெட்டுங்கும்போது சிரிக்கறீங்க" என்றாள் பக்கத்திலிருந்த மனைவி வசந்தாமணி. "சிரிக்காமச் சொல்லுங்க."

"நான் எங்க சிரிச்சேன்? மூஞ்சியே அப்படித்தான்."

"அந்த மூஞ்சிய ஜட்ஜ் முன்னால காட்டாதீங்க. இன்னொருக்காச் சொல்லுங்க."

கிட்டுசாமி இன்னொருமுறை சொன்னார். கலிபோர்னியாவின் டப்ளினில் வீட்டைப் பூட்டியதிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

மில்பிடாஸில் அவர் வேலை பார்த்த சர்க்யூட் போர்டு தொழிற்சாலையை மூடி ஒரு வருஷமாகிவிட்டது. ஐம்பத்தாறு வயதில் கிடைக்கவிருந்தது ஒரே ஒரு வேலை. பொதுச் சமையற்கூடத்திலிருந்து பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வேனை ஓட்ட வேண்டும். அவரைப் பார்த்ததும் பள்ளி அலுவலகத்தாருக்குப் பிடித்துவிட்டது. கைரேகை எடுத்த பிறகு பிடிக்காமல் போயிற்று. எட்டு வருஷத்துக்கு முந்தைய கைது ஒன்று அதில் வந்து நின்றது. துப்பாக்கிச் சூடு என்ற சந்தேகம், வெடிபொருள். அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள், வழக்குப் போடவே இல்லை. ஆனாலும் அந்த இரண்டு வார்த்தைகளைப் பிள்ளைகள் சாப்பாட்டோடு ஒரே வண்டியில் அனுப்ப யாருக்கு மனசு வரும்? கோர்ட் அந்தப் பதிவை மூடி முத்திரை வைத்தால் வரச் சொன்னார்கள். மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருப்பார்கள்.

மில்பிடாஸ் எக்ஸிட் பலகை வந்தது. கிட்டுசாமி வேகத்தைக் குறைத்தார்.

"இங்க எதுக்குங்க ஸ்லோ பண்றீங்க? கோர்ட்டு சான் ஹோஸேல இருக்குது."

"தெரியும், சும்மாதான்."

அந்தப் பலகையைத் தாண்டி இரண்டாவது சிக்னலில் அவர்களுடைய பழைய அபார்ட்மென்ட். மரப்படி வைத்த இரண்டு மாடி. வசந்தாமணிக்குச் சாப்ட்வேர் டெஸ்டிங்கில் வேலை கிடைத்து, அவள் பின்னால் அவர் வந்து இறங்கிய இடம். மேலும் கீழுமாகப் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது பார்க்கிங்கிலேயே தெரியும். ஒரு வீட்டுக் குழந்தை இன்னொரு வீட்டில் தூங்கிவிட்டால் எழுப்ப மாட்டார்கள், காலையில் பல் தேய்த்து அனுப்புவார்கள். நேர் மேல் வீட்டில் கல்லிடைக்குறிச்சிப் பிச்சுமணி. வாரக் கடைசியில் மேலிருந்து தரையை இரண்டு தட்டு தட்டினால் காப்பி தயார் என்று அர்த்தம்.

தீபாவளிக்கு இருவருக்கும் போட்டி. வளாகத்தில் முதல் வெடி யாருடையது? கோபியில் கிட்டுசாமியின் தெருவில் இது பெரிய மானப் பிரச்சனை. அதை அவர் பெட்டியோடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். விதி ஒன்றுதான், ஐந்து மணிக்கு முன்னால் பற்றவைக்கக் கூடாது. உள்ளூரில் வெடி விற்கத் தடை, அதனால் நெவாடாப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி ஆளுக்கு ஒரு சரம் வாங்கி வைப்பார்கள். கொளுத்திவிட்டுக் குப்பையைக் கூட்டி அள்ளி நல்ல பிள்ளைகளாக வேலைக்குப் போவார்கள். ஏழு வருஷம் நடந்தது. பிச்சுமணி நாலு, கிட்டுசாமி மூன்று.

எட்டாவது வருஷம் கிட்டுசாமி எண்ணெய் தேய்த்துக் குளித்து, மஞ்சள் தடவிய புது வேட்டியோடு மின்அடுப்பின் முகப்பிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக ஐந்து. பார்க்கிங்கில் சரத்தை நீட்டிப் பற்றவைத்தார். இரண்டு நாள் முன்புதான் ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தார்கள். போன்கள் தாமாக மாறிக்கொண்டன. அடுப்பு மாறவில்லை. நாலு மணி இருட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் வேறெதையோ நினைத்துப் போலீஸைக் கூப்பிட்டார்கள்.

நாலைந்து கார்கள் வந்தன. சிவப்புக் காகிதக் குப்பைக்கு நடுவே, தலையில் சீயக்காய் மணக்க, கிட்டுசாமி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். மரப்படியில் பனியனோடு பிச்சுமணி ஓடி வந்தார். "சார், திஸ் இஸ் நாட் கன், திஸ் இஸ் ஃபெஸ்டிவல்!" என்று கத்தினார். அவருடைய சரம் அவர் முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கிட்டுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விலங்கு மாட்டும்போதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அதற்கடுத்த வருஷம் யாரும் வெடிக்கவில்லை. வாடகை ஏறி ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பிச்சுமணி ஹூஸ்டன் போனார்.

கோர்ட் வாசலில் மானஸா காத்திருந்தாள். இலவசச் சட்ட உதவி மையத்து வக்கீல், சென்னைப் பெண். "அங்கிள், ஜட்ஜ் கேட்டா ஷார்ட்டா ஆன்ஸர் பண்ணுங்க. கதை வேண்டாம். சீல் பண்ணிட்டா சட்டப்படி அந்த அரெஸ்ட் நடக்கவே இல்லை. அந்த வேலைல அரெஸ்ட் ஆயிருக்கீங்களான்னு கேட்டா நோ சொல்லலாம். அது பொய் கிடையாது."

"நடக்கவே இல்லீங்களா?"

"நடக்கவே இல்லை."

நீதிபதி நரைத்த தலையுள்ள பெண்மணி. தாள்களைப் புரட்டினார். ஒன்றே ஒன்று தனக்குப் புரியவில்லை என்றார். பண்டிகை சரி. அதற்கு ஏன் விடியற்காலை நாலு மணி?

கிட்டுசாமி "ஐ ரெக்ரெட்" வரை போனார். அதற்கு மேல் வரவில்லை. அடுப்புக் கடிகாரம் என்றார். பிறகு போட்டியைச் சொன்னார், ஐந்து மணி விதியைச் சொன்னார், மேல் வீட்டுக்காரரைச் சொன்னார். மானஸா கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த வருஷம் ஜெயித்தது யார் என்று கேட்டார் நீதிபதி.

"ஐ வாஸ் ஃபர்ஸ்ட், யுவர் ஹானர்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரசுத் தரப்பைப் பார்த்தார். அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. மனுவை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார்.

"நெஞ்சே நின்னு போச்சு எனக்கு" என்றாள் வசந்தாமணி வெளியே வந்து. "ஃபர்ஸ்ட்டாமா ஃபர்ஸ்ட்டு! அம்புட்டுத் தடவ சொல்லிக் கூட்டிட்டு வந்தேனே."

கிட்டுசாமி பார்க்கிங்கில் நின்றே பிச்சுமணிக்குப் போன் போட்டார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்போ அந்த வருஷம் நடக்கவே இல்லைன்னு கோர்ட்டே சொல்லிடுத்து. அப்படித்தானே, ஓய்?"

"ஆமாங்க சாமி."

"அப்போ நீர் ஜெயிக்கலை. நாலுக்கு மூணு. நான்தான் முன்னாடி."

கிட்டுசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே ஒரு போலீஸ் கார் மெதுவாகப் போயிற்று. அது தாண்டிப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, அரெஸ்ட்டுதானுங்க நடக்கல" என்றார். "வெடி வெடிச்சுது."

 அந்தப் பக்கம் பிச்சுமணி மேஜையையோ சுவரையோ இரண்டு தட்டு தட்டுவது கேட்டது.

"வெடிச்சுது, ஓய். கேட்டேனே நான். நாலுக்கு நாலு. ஆனா ஒரு மணி நேரம் முன்னாடி."

மறுநாள் கிட்டுசாமி கோர்ட் உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு பள்ளி அலுவலகம் போனார். மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் அதைப் பிரதி எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எப்போதாவது கைதாகியிருக்கிறாரா என்று மறுபடியும் கேட்டாள். இல்லை என்றார். திங்கட்கிழமை வரச் சொன்னாள், மூடிய காலணி போட்டு வர வேண்டும் என்றாள். வரும் வழியில் காலணி வாங்கினார். வீட்டில் பழைய ரசம் இருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.