கதிரின் கைக்குச் செய்த பெட்டி

போன வாரம் சேலத்தில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குப் போயிருந்தேன். மனைவி புடவைக் கடைக்குள் நுழைந்துவிட்டாள். அவள் புடவை எடுத்து முடிப்பதற்குள் மேட்டூர் போய்க் குளித்துவிட்டே திரும்பலாம் என்பது என் அனுபவம். அதனால் மேல் மாடியில் பிள்ளைகள் விளையாடும் பகுதியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மூலையில் சண்டை விளையாட்டு இயந்திரம் ஒன்று நின்றது. ஆடுவாரில்லை. திரையில் இரண்டு பேர் தாங்களாகவே அடித்துக்கொண்டிருந்தார்கள். என் கை தன்பாட்டில் போய்க் குச்சியைப் பிடித்து இப்படியும் அப்படியும் சுழற்றிப் பார்த்தது. "ஸ்பிரிங் ரொம்ப வெறைப்புடா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இடப்பக்கம் திரும்பினேன். அங்கே ஒரு குப்பைத்தொட்டி இருந்தது.

இடப்பக்கம் நிற்க வேண்டியவன் கதிர். ஜலகண்டாபுரத்துக்காரன், விசைத்தறிக் குடும்பம். அவன் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. என் கைக்கு மட்டும் இன்னும் செய்தி எட்டவில்லை போலிருக்கிறது. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் இந்தக் குச்சியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தலை நரைத்தவன் விளையாட்டுக் குச்சியைப் பற்றி இவ்வளவு பேசுகிறானே என்று நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பாலிடெக்னிக்கில் படித்த நாட்களில் சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் போகும் வழியில், ஒரு மாடிப்படிக்கு அடியில் வீடியோ கேம் கடை இருந்தது. உள்ளே நுழைந்தால் பக்கத்துக் கடை போண்டா எண்ணெயும் எங்கள் வியர்வையும் கலந்த வாடை அடிக்கும். இன்றைக்கும் போண்டா வேகும் வாசனை வந்தால் எனக்குப் பசிப்பதில்லை, யாரையாவது உதைக்க வேண்டும் போலிருக்கும். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவன் எழுந்து இடம் விட வேண்டும். வாதம் கிடையாது, இன்னொரு ஆட்டம் என்ற கெஞ்சல் கிடையாது. நான் எழுந்துகொண்டே இருப்பேன். கதிர் உட்கார்ந்தே இருப்பான்.

அதற்குக் காரணம் அவன் குச்சியைப் பிடிக்கும் விதம். நாங்கள் எல்லோரும் பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் முழுக் கையால் பிடிப்போம். அவன் அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடுகிறவன் மாதிரி இரண்டு மூன்று விரல்களால் மட்டும் தொடுவான். மணிக்கட்டு அசையாது. திரையில் அவன் ஆள் மட்டும் பறப்பான்.

பிறகு அவன் தறியைப் பார்க்க ஊருக்குப் போனான். நான் திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். கேம் கடையை இழுத்து மூடிவிட்டார்கள், அங்கே செல்போன் கடை வந்தது. டிவியில் மாட்டி ஆடும் பெட்டியைக் கதிர் வாங்கினான். அதோடு கொடுத்த கைப்பிடியில் கட்டைவிரலால் ஆட வேண்டும். அவனுக்கு அது பிடிக்கவில்லை. "இது கொசு அடிக்கறாப்புல இருக்குதுடா. நமக்குக் குச்சி வேணும்" என்றான்.

குச்சி வாங்குவது ஒன்றும் லேசுப்பட்ட காரியமில்லை. நுனியில் உருண்டை வைத்ததா, பேரிக்காய் போல நீண்டதா? குச்சியின் அடியில், அது எவ்வளவு தூரம் சாயலாம் என்று கட்டுப்படுத்தும் ஒரு தட்டு இருக்கும். அதன் துளை சதுரமா, எட்டு மூலையா? பெண் பார்ப்பதற்குக்கூட நாங்கள் இவ்வளவு விசாரித்ததில்லை. கடைசியில் உருண்டைத் தலை, சதுரத் துளை என்று முடிவு செய்து வரவழைத்தோம். அதைப் பொருத்தப் பெட்டி செய்வது என் பொறுப்பு. எங்கள் பட்டறை வெல்டர் பழனியண்ணனிடம் சொன்னேன்.

"ஏனுங்க தம்பி, இதுக்கு மேல என்னங்க ஏறும்?"

"ஒண்ணும் ஏறாதுண்ணா. ஆனா நல்லா அடிச்சு ஆடுவாங்க."

அடித்து ஆடுவார்கள் என்ற சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது. ரிக்கின் தளத்துக்குப் போடும், கால் வழுக்காமல் மேடு வைத்த கனத்த தகட்டில் செய்துவிட்டார். பஸ்ஸில் கண்டக்டர் அதை எஞ்சின் என்று நினைத்தார். மடியில் வைத்து ஒரு ஆட்டம் ஆடிய கதிருக்குத் தொடையில் வரிவரியாகத் தடம் விழுந்துவிட்டது. அப்புறம் லாரி பாடிக்குப் போட்டு மிஞ்சிய பலகையில் வேறொன்று செய்தோம். அழகுக்காக, உள்ளே ரோஜாப்பூ வைத்த லாரி கியர்க் குமிழைக் குச்சியின் தலையில் திருகினோம். அது கனம். குச்சியை விட்டால் நடுவில் நிற்காமல் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டுத்தான் திரும்பும். திரையில் முன்னால் போன ஆள் தானாக ஒரு அடி பின்னால் வைப்பான். "எம்பட ஆளுக்கு ரிவர்ஸ் கியர் உளுந்துருச்சுடா" என்று கதிர் உருண்டு சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஜலகண்டாபுரம் போய்விடுவேன். அவன் வீட்டை ஒட்டித் தறிக்கூடம். அந்தச் சத்தத்தில் டிவியின் சத்தம் கேட்காது, நாங்கள் திட்டிக்கொள்வதும் கேட்காது. கரண்ட் போனால் தறியும் ஆட்டமும் சேர்ந்து நிற்கும். அந்த அமைதியில் அவன் அம்மா டீ கொண்டுவருவார்.

அப்படி ஒரு ஞாயிறு, அவனுக்கு நன்றாகப் பழகிய அடி ஒன்று விழவில்லை. குச்சியைக் கீழிருந்து முன்பக்கமாகக் கால் வட்டம் சுழற்றிப் பட்டனை அழுத்த வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவான். அன்று இரண்டு மூன்று முறை தவறியது. குச்சியை முறைத்துப் பார்த்தான்.

"சுவிட்ச் போயிருச்சாட்ட இருக்குதுடா."

சுவிட்சை மாற்றினோம். கொஞ்ச நாள் சரியாக இருப்பது போலிருந்தது, மறுபடி தவறியது. சதுரத் தட்டைக் கழற்றி எட்டு மூலைத் தட்டுப் போட்டோம். பிறகு வட்டம். ஒயரையெல்லாம் பிரித்துப் புதிதாகப் பற்றவைத்தோம். தறிக்காரர்கள் துணியில் குறை தெரிந்தால் முதலில் தறியைத்தான் கழற்றிப் பார்ப்பார்கள். நாடா, ஸ்பிரிங், பட்டை என்று ஒவ்வொன்றாக. ஆளைப் பார்ப்பது அப்புறம்தான். எங்கள் பட்டறையிலும் அதே கதை. மிஷினோடு பிழைக்கிற இரண்டு பேர் மிஷினைத் தவிர வேறு எதைச் சந்தேகப்படுவோம்? ஒவ்வொரு பார்சல் வரும்போதும் இதோடு சரியாகிவிடும் என்று நம்பினோம். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை இப்போது சொல்லத்தான் கூசுகிறது.

அவன் அம்மாதான் முதலில் சொன்னார். டீயை வைத்துவிட்டு, பிரித்துப் போட்ட பெட்டியைப் பார்த்தபடி நின்றார்.

"அந்தக் குச்சிய உடு சாமி. சோறு பெசையறப்பகூட இவனுக்கு வெரலு நிக்க மாட்டேங்குது. டம்ளர உட்டுப்போடறான். நீ ஒருக்கா டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போ."

"சும்மா இரும்மா" என்றான் கதிர். ஆனால் கைகளை எடுத்துப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

சேலத்தில் பார்த்தோம், கோயம்புத்தூரில் பார்த்தோம். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும் நோய் என்றார்கள். கையில் தொடங்கிக் கால், கழுத்து என்று போகுமாம். நிறுத்த மருந்து இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் தாரமங்கலம் தாண்டும் வரை அவன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குச்சி நல்லாத்தான்டா இருந்துருக்குது" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் அவன் உட்கார்ந்திருந்ததால் எனக்குத் திரும்பிக்கொள்ள இடமில்லை. அப்போதுதான் அவன் அந்த நிபந்தனையைப் போட்டான்.

"கைக்குத் தகுந்தாப்புலக் குச்சிய மாத்து. எவ்வளவு வேணுமோ மாத்து. ஆனா ஆட்டத்த மாத்தாத. எனக்கோசரம் விட்டுக் குடுத்தீன்னா ஊட்டுப்பக்கம் வந்துபோடாத, சொல்லிப்போட்டேன்."

சரி என்றேன். அதன் பிறகு எங்களுக்கு வேலை ஒன்றுதான். அவன் கையின் பலம் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு பெட்டியின் விறைப்பும் இறங்க வேண்டும். அது நடக்கும் வரை அவன் நிஜமாக ஆடலாம், நானும் நிஜமாக அடிக்கலாம். ஜலகண்டாபுரத்தில் தறிச் சாமான் விற்கும் கடையில் விதவிதமான சின்ன ஸ்பிரிங்குகள் கிடைக்கும். கதிர் ஒவ்வொன்றாக விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்ப்பான். "எந்தத் தறிக்குங்க?" என்று கடைக்காரர் கேட்டார். "சும்மா ஒண்ணுக்குங்க" என்றான். மெலிதானதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வருவோம். கொஞ்ச காலம் போனதும் அதைவிட மெலிதானதுக்காக மறுபடி அந்தக் கடைக்குப் போவோம்.

ஒரு கட்டத்தில் குச்சியையே அசைக்க முடியவில்லை. குச்சியை எடுத்துவிட்டு நாலு திசைக்கும் நாலு பட்டன் வைக்கலாம் என்றேன். வெளிநாட்டில் நல்ல கைகால் உள்ளவர்களே அப்படி ஆடுகிறார்கள் என்று படம் காட்டினேன். "குச்சி இல்லாம என்னடா ஆட்டம்? டைப் கிளாஸா இது?" என்று சில வாரம் முறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு ஒத்துக்கொண்டான். குச்சி இருந்த ஓட்டையை ஒரு தகரத் தட்டால் மூடினேன்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், அந்தக் கோடையில் அவன் என்னை அடித்த அடி சூரமங்கலத்தில்கூட வாங்கியதில்லை. கையைத் தூக்க வேண்டியதில்லை, பெட்டியின் மேல் கிடந்தால் போதும். விரல் நுனிகள் மட்டும் நடந்தன. "எந்திரிடா, எந்திரி" என்பான். நான் எழுந்து தறிக்கூட வாசல் வரை போய்விட்டு வருவேன். அவன் அப்போது சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். ஒரு நாள் அவன் தோற்றான். நான் அவன் கால்களைப் பார்த்தேன்.

"தோத்தவன் எந்திரிக்கோணும்" என்றான் அவனே. "என்னையப் பாக்காத. எனக்குப் பதுலா நீ எந்திரி."

எழுந்தேன். அன்றிலிருந்து யார் தோற்றாலும் எழுவது நான்தான். ஆட்டம் குறைந்தாலும் நடை மட்டும் எனக்குக் குறையவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவேன்.

பட்டன்களும் கனக்கத் தொடங்கின. உள்ளிருக்கும் ஸ்பிரிங்கில் நகவெட்டியால் ஒரு சுற்று வெட்டினேன். பிறகு இன்னொரு சுற்று. சுவிட்சுக்குள் இருக்கும் தகட்டை வளைத்துத் தளர்த்தினேன். ஊதினால் அழுந்தும் அளவுக்கு வந்துவிட்டது. அப்படியும் ஒரு பிற்பகல் பட்டன் மேல் வைத்த விரல் வைத்தபடி இருந்தது. அவன் அழுத்துகிறான் என்பது நெற்றியில் தெரிந்தது, பட்டனில் தெரியவில்லை. நான் பெட்டியைத் திருப்பித் திருகாணியில் கை வைத்தேன்.

"உடுடா. இன்னி வெட்டறதுக்கு அதுல என்ன இருக்குது?"

அதன் பிறகு நான் மட்டும் இயந்திரத்தோடு ஆட, அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு குழறும் வரை என் ஆட்டத்தைத் திட்டினான். மழைக்காலத்தில் மூச்சுத் திணறிப் போய்விட்டான்.

காரியம் முடிந்த பிறகு அவன் அம்மா பெட்டியை ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார். "நீ கொண்டுபோயிரு சாமி. இங்க இருந்தா நான் அதையே பாத்துட்டு இருப்பேன்" என்றார். தறிகளை விற்றுவிட்டு அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். கூடம் இப்போது யாருடைய கிடங்கோ.

வீட்டில் ஒரு மாலை அதை டிவியில் மாட்டினேன். வழக்கம்போல் விரல்களைப் பட்டன்கள் மேல் வைத்தேன். வைத்ததுதான் தெரியும். திரையில் என் ஆள் குதித்தான், உதைத்தான், பின்னால் போனான், மறுபடி குதித்தான். நான் எதையும் அழுத்தவில்லை. என் விரலின் கனமே அதற்கு அதிகம். விரல்களை அந்தரத்தில் பிடித்து ஆடிப் பார்த்தேன், ஒரு சுற்றுக்கூடத் தாங்கவில்லை. கடையில் வாங்கிய ஸ்பிரிங்குகள் என் மேசையில்தான் கிடக்கின்றன. மாற்ற அரை மணி நேரம் ஆகாது. மாற்றினால் நான் ஆடலாம், யாரும் ஆடலாம். ஆனால் கதிரின் விரல்களில் கடைசியாக எவ்வளவு பலம் மிச்சமிருந்தது என்பது அந்தப் பட்டன்களில்தான் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை.