கூட்டத்தில் பார்த்த முகம்

என் கணவர் அந்தக் கூட்டத்துக்கு வர ஒத்துக்கொண்டதே ஒரு நிபந்தனையின் பேரில்தான். முதலில் நான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அவர் கம்பெனி ஆள் ஒருவர்கூட இல்லை என்று வந்து சொன்னால்தான் அவர் உள்ளே வருவார்.

குடியை விட நினைக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுகிறார்கள் என்று எனக்குச் சொன்னது ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அக்கா. பாகலூர் ரோட்டில் ஒரு சர்ச், அதன் பின்னால் பள்ளிக்கூட அறை, சாயங்காலம் நாலு மணி. பேர்கூடக் கேட்க மாட்டார்கள் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்கு முன் மூன்று தடவை முனியப்பன் கோயிலில் அவருக்குக் கயிறு கட்டியாயிற்று. எங்கள் பக்கத்தில் குடியை விடுகிறவர்கள் சாமி முன்னால் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று கெடு சொல்லித்தான் கட்டுவது. முதல் கயிறு கெடு வரைக்கும் இருந்தது. அவிழ்த்த அன்றைக்கே குடித்தார். மூன்றாவதை ஒன்பதாம் நாள் பிளேடால் அறுத்துவிட்டு, பயந்துபோய் கோயில் தெருப் பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றி நடந்தார். சாமியிடம் சொன்ன சொல்லையே காப்பாற்றாதவர், நாலு ஆட்கள் பேச்சைக் கேட்டா திருந்தப் போகிறார்? ஆனால் வேறு வழி இல்லை. குடித்துவிட்டு வேலைக்கு வந்தார் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்து இரண்டு மெமோ ஆகியிருந்தது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

சர்ச்சுக்கு எதிரே டீக்கடையில் அவரை உட்கார வைத்தேன்.

“யாராச்சும் இருந்தா ஒடனே வந்துரு. மறைக்காத,” என்றார்.

“நான் என்னிக்குங்க உங்ககிட்ட மறைச்சிருக்கறேன்?”

“அதான் உன்ன அனுப்பறேன். உனக்குப் பொய் சொல்ல வராது.”

உள்ளே, பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில் எட்டு ஒன்பது ஆண்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழிக்காமல் கிடந்தது. வாசலில் நின்ற என்னைப் பார்த்து ஒரு பெரியவர், தெலுங்கு வாடை அடிக்கும் தமிழில், “வாம்மா. உனக்கா, ஊட்டுக்காரருக்கா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

“அவருக்குத்தாங்க. எதுருக்க டீக்கடைல இருக்காரு.”

“என்னையும் எங்க ஊட்டம்மா இப்புடித்தான் ஆட்டுக்குட்டியாட்டம் ஓட்டிக்கினு வந்து அந்தக் கடைல கட்டிப்போட்டா. உக்காரு. ஒண்ணே ஒண்ணு. இங்க பாக்கற மூஞ்சி, கேக்கற பேச்சு, எதுவும் இந்தக் கதவத் தாண்டக் கூடாது. ஊட்டுக்காரருகிட்டகூட சொல்லக் கூடாது.”

தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் மூலையில் இருந்தவரைக் கவனித்தேன். அந்த சூப்பர்வைசர்.

இரண்டாவது மெமோ வந்த அன்று கம்பெனி கேட்டில் நின்று இவரைத்தான் கையெடுத்துக் கும்பிட்டேன். “குடிகாரன வெச்சிக்கிட்டு மிஷின் ஓட்ட முடியாதும்மா. கை போச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்று சொல்லிவிட்டுப் போனவர். இப்போது என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். ஒவ்வொருவராகப் பேசி, தன் முறை வந்தபோது எழுந்தார்.

“நான் குடிய விட்டு இன்னையோட இருபத்தோரு நாள் ஆச்சு,” என்றார்.

மெமோ வந்து இரண்டு மாதம். அப்படியென்றால் அதை எழுதியபோது இவரும் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அங்கேயே எழுந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் அவரே சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “என் வாய் நாத்தம் தெரியக் கூடாதுன்னு அடுத்தவன் வாய மோந்து பாத்துட்டுத் திரிஞ்சேன். அதுல எத்தன ஊட்ல அடுப்பு எரியலயோ.”

நான் எழுந்து வெளியே வந்தேன். ரோட்டைக் கடக்கும்போதே யோசித்தேன். உண்மையைச் சொன்னால் என் கணவர் நேராகச் சாராயக் கடைக்குப் போவார். போகும் வழியிலேயே நாலு பேரிடம் அந்த ஆளின் மானத்தையும் வாங்குவார்.

“கம்பெனி ஆளு?”

“யாரும் இல்லீங்க. எல்லாம் வேத்து ஆளுங்க,” என்றேன். மாரியம்மா, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மனதுக்குள் சொன்னேன்.

உள்ளே போனார். இப்போதே திரும்பி வருவார் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஐந்தரைக்குத்தான் வந்தார். என்னைப் பார்க்காமல் முன்னால் நடந்தார். பஸ்ஸில் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, “தெரிஞ்சேதான் சொன்னியா?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“இனிமே உன் பேச்ச எதுக்கும் நம்ப மாட்டேன்.”

கல்யாணமான நாளிலிருந்து குடித்துவிட்டு எத்தனையோ பேசியிருக்கிறார். விடிந்தால் அவருக்கும் நினைவிருக்காது, நானும் விட்டுவிடுவேன். இது தெளிந்த வாயால் சொன்னது. டீக்கடையில் அவர் கேட்டபோது, ‘நீங்களே போய்ப் பாருங்க’ என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு அவராகவே குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினார். இது நான்காவது ஞாயிறு. அந்த அறைக்குள் அவரும் சூப்பர்வைசரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்களா, எனக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. ஆறு மணி பஸ் வந்து நிற்கும்போது வாசலில் நின்று அவர் கால் எப்படித் தரையில் படுகிறது என்று பார்க்கிறேன். இதுவரை நேராகத்தான் நடந்து வருகிறார். என்னைத் தாண்டி உள்ளே போய்விடுகிறார்.