பாட்டிலுக்கொரு தரம் வீட்டுக்கு

அந்தப் பட்டறையில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் பாடம் எடுத்ததே இல்லை. அவளிடம் படிப்பவை இரும்புக் கைகள். ஆளுயரத்தில், ஆரஞ்சு வண்ணத்தில், வருடத்துக்கு ஏழெட்டு ரோபோ கைகள் அங்கே தயாராகும். பெரிய கம்பெனிகள் ஒரே நாளில் அத்தனையையும் செய்து தள்ளிவிடும்தான். ஆனால் இங்கே வாங்கியவர் ஒரு போன் போட்டால் போதும், முதலாளியே ஸ்பேனரோடு போய் நிற்பார்.

புதிதாகப் பூட்டிய கைக்கு ஒன்றும் தெரியாது. பொத்தான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, இங்கே குனி, இதை எடு, அங்கே வை என்று இடம் இடமாகக் காட்டிக்கொடுக்க வேண்டும். காட்டிவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது. பதினோரு வருடம் ஒயர் பற்றவைக்கும் மேசையில் குனிந்தே இருந்தவள், இன்ஜினியர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தே இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் தனியாகச் சொல்லிக்கொடுத்த முதல் கை இது. ஜாம் பாட்டில்களை எடுத்து, பெட்டிக்குப் பன்னிரண்டாக அடுக்க வேண்டும். நிமிடத்துக்கு இருபது. நாலு மணிக்கு ஜாம் கம்பெனிக்காரர் பார்க்க வருகிறார். தேறாவிட்டால் கை இன்ஜினியரிடம் போகும், டீச்சர் பழையபடி மேசைக்குப் போவாள். முதலாளி அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துச் சொன்னால் மேசை மெத்தையாகிவிடுமா?

மதியம் ஒரு மணிக்கு, நிமிடத்துக்குப் பதினாலுதான் வந்தது.

"வேகத்தைக் கூட்டிருங்க டீச்சர்," என்றார் இன்ஜினியர்.

"காலையில கூட்டினீங்களே, என்ன ஆச்சு?"

அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். மார்பெல்லாம் ஸ்ட்ராபெரி ஜாம்.

அப்போதுதான் வீட்டுக்காரர் போன் செய்தார். பஸ் டிரைவர், இன்று அவருக்கு லீவு.

"சலவைக் கடையில என் யூனிஃபார்ம் சட்டை இருக்கு. வரும்போது வாங்கிட்டு வந்துரு. அப்படியே கொஞ்சம் பாலும் ஒரு பல்பும்."

"சரிங்க. பால வீட்ல வச்சிட்டுப் போய் பல்பு வாங்கறேன். அதையும் வச்சிட்டு..."

"ஆரம்பிச்சிட்டியா? மூணு கடையும் ஒரே தெருவுலதானம்மா இருக்கு! உன் கையில பஸ்ஸக் குடுத்தா ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் டிப்போவுக்குப் போயிட்டுதான் வருவ."

வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். இன்று அவள் பார்வை வேறெங்கோ போனது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கை ஒரு பாட்டிலைப் பெட்டியில் வைத்தது. நிமிர்ந்தது. சுழன்று தன் மூலைக்குப் போய் ஒரு கணம் நின்றது. பிறகுதான் அடுத்த பாட்டிலுக்குக் கிளம்பியது. கை ஓய்ந்து நிற்கும் அந்த மூலைக்குத் தொழிலில் ஹோம் என்று பெயர். வீடு! பாட்டிலுக்கொரு தரம் வீட்டுக்குப் போய்வருகிறது. சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே.

"என்னங்க, நீங்க தங்கம்!"

"யாரு, நானா?" மறுமுனையில் மனிதர் பயந்தே போனார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

அவள் பொத்தான் பெட்டியை எடுத்தாள். பன்னிரண்டு பாட்டிலும் அடுக்கி முடித்த பிறகுதான் வீடு, நடுவில் எங்கேயும் போகக் கூடாது என்று மாற்றிக்கொடுத்தாள். இருபத்திரண்டு வந்தது. இன்ஜினியர் தன் சட்டையை மறந்து கைதட்டினார்.

நாலு மணிக்கு வந்த ஜாம் கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே எண்ணினார். பெட்டி நிறைந்ததும் கை மூலைக்குப் போனது.

"ஏன் அங்க போயிடுச்சு? கோச்சுக்கிச்சா?"

"இல்ல சார். ஒரு பெட்டி முடிஞ்சா வீட்டுக்குப் போய்ட்டு வரும்."

"நல்லா வளத்திருக்கீங்க," என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டார்.

"டீச்சரம்மா," என்றார் முதலாளி, "உங்க மேசைய வேற ஆளுக்குக் குடுத்துடட்டுமா?"

"நேத்தே குடுத்திருக்கலாம் சார்!"

சாயந்திரம் பால், பல்பு, கேட்காத ரொட்டி, சோப்பு என்று எல்லாவற்றையும் ஒரே சுற்றில் வாங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து வீட்டுக்குள் நுழைந்தாள். வீட்டுக்காரர் பையைத் துழாவினார்.

"எல்லாம் சரி. சட்டை எங்க?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள்.

"உக்காரும்மா," என்று செருப்பை மாட்டினார் அவர். "டிப்போவுக்குள்ள வந்த வண்டிய இன்னிக்கு நான் வெளிய விடறதா இல்ல."